நாற்பத்து மூன்றுக்குப் பதில் சொன்னது யார்

அன்பு மகள் லுட்வினாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உன் மகளும் என் முழங்கால் வலியும் ஒரே கூரையின் கீழ் பெரிய சண்டை இல்லாமல் இருந்துவருகிறோம், நீயும் அங்கே குவீன்ஸ்லாந்துக் குளிரில் காய்ச்சல் கீய்ச்சல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு, காலுக்கு உறை போட்டுக்கொண்டு தூங்குகிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். மழை இந்த வருடம் சீக்கிரமே பிடித்துக்கொண்டது, சர்க்கரைவள்ளிப் பாத்தி இரண்டு அழுகிப்போய்விட்டது, அப்பா அதற்கும் என்னைத்தான் சொல்கிறார், வாய்க்கால் வெட்டச் சொன்னது நான், வெட்டாமல் ரக்பி பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது அவர், ஆனால் குற்றவாளி நான். பக்கத்து வீட்டுப் பன்றி மறுபடியும் வேலியை உடைத்துக்கொண்டு வந்தது, இந்தத் தடவை அடிக்காமல் விட்டேன், பாவம், சினையாக இருக்கிறது. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வை, நானும் கேட்கிறேன் என்பார், இதை அவர் காதில் விழும்படி உளறிக்கொட்ட எனக்குத் தைரியம் இல்லை, முதலில் எழுதிப் பார்க்கிறேன்.

நீ அனுப்பிய நீளமான செய்தியை நாலு தரம் படித்தேன். இறைச்சித் தொழிற்சாலையில் உன்னை வெட்டு மேசையிலிருந்து எடுத்து எச்.ஆர். அலுவலகத்தில் உட்காரவைக்கப் போகிறார்கள், உன் மேலாளர் டியான் உனக்கு மனிதர்களோடு நன்றாகப் பழக வருகிறது என்று சொன்னாள், அந்த வேலை கிடைத்தால் அங்கேயே நிரந்தரமாகத் தங்க வழி பிறக்கும், உன் மகளையும் கூட்டிக்கொள்ளலாம் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். அம்மா, நீ எப்படி இந்த எச்.ஆர். வேலைக்கு வந்தாய், என்னிடம் ஒரு தடவையும் ஒழுங்காகச் சொன்னதில்லையே என்று கேட்டிருக்கிறாய். அதெல்லாம் சந்தோஷமாகத்தான் படித்தேன். கடைசியில், போகிற போக்கில், ஒரு வரி. விலியாமி என்ற டோங்காக்காரருக்கு ரம்பத்தில் இரண்டு விரல் போய்விட்டது, அவர் பாதுகாப்புப் பயிற்சிக்கு வந்திருந்தார் என்று ஒரு காகிதத்தில் நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும் என்கிறாள் டியான், அன்றைக்கு வருகை எடுத்தது நீதான், அவர் பெயரைக் கூப்பிட்டபோது அந்த வரிசையிலிருந்து யாரோ கை தூக்கினார்கள், அவராகத்தான் இருக்கும் என்று எழுதியிருக்கிறாய். லுட்வினா, நீ கேட்டதும் போகிற போக்கில் எழுதியதும் ஒரே கேள்விதான்.

யாராவது கேட்டால் நான் வழக்கமாகச் சொல்லும் கதை உனக்குத் தெரியும். லாயே நகரத்தில் கம்பெனி என்னை முதல் பயிற்சிக்கு அனுப்பியபோது பதினாலு பேரை வட்டமாக உட்காரவைத்து, நீங்கள் எப்படி இந்தத் துறைக்கு வந்தீர்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார்கள். ஒருத்தர் பாதிரியார் படிப்பைப் பாதியில் விட்டவர், பாவசங்கீர்த்தனம் கேட்கப் பழகியவன் புகார் கேட்கமாட்டானா என்று அவரைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்களாம். ஒருத்தி தட்டச்சு தெரிந்ததால் வந்தவள். ஒருவன் பெரிய முரடன், சுரங்கத்தில் சண்டை நடந்தால் விலக்கிவிடுவான், அதைப் பார்த்த ஒரு துரை இவனைச் சமாதான அதிகாரி ஆக்கினாராம், "நான் விலக்கலைங்க, நல்லா அடிக்கிறதுக்கு எடம் பண்ணிக் குடுத்தேன்" என்று சொல்லி எங்களைச் சிரிக்கவைத்தான். சின்ன வயதில் நான் மனிதவள அதிகாரி ஆகவேண்டும் என்று ஆசைப்பட்டவர் ஒருத்தரும் இல்லை. எல்லோரும் வேறு எங்கேயோ போய்க்கொண்டிருந்தபோது பக்கத்துக் கதவு திறந்தது, உள்ளே ஒரு நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்தார்கள். என் முறை வந்தபோது, நான் தோட்டத்துப் பிரட்டில், காலையில் ஆட்களுக்கு வருகை எடுக்கும் வரிசையில், பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், என் குரல் நன்றாக இருந்தது, கூட்டிக்கொண்டார்கள் என்றேன். கை தட்டினார்கள். அது பொய் இல்லை. ஆனால் என் நாற்காலி எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை நான் அங்கேயும் சொல்லவில்லை, வேறு எங்கேயும் சொல்லவில்லை.

உனக்கு அப்போது மூன்று வயது. நாம் தோட்டத்து லயத்தில், கம்பெனி கொடுத்த வரிசை வீட்டில் இருந்தோம், அப்பா டிராக்டர் ஓட்டினார், நான் பிரட்டுக் கிளார்க். காலை ஆறு மணிக்கு நர்சரிக் கொட்டகைக்கு முன்னால் இருக்கும் மைதானத்தில் எல்லோரும் வரிசையாக நிற்பார்கள், நான் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று பெயர் கூப்பிடுவேன், இருக்கேன் என்பார்கள், டிக் போடுவேன், அதற்குப் பிறகுதான் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்ட ஆளாளுக்குப் பிரிந்து போவார்கள். ஒருத்தன் வரவில்லை என்றால் அவன் ஊர்க்காரன் அவனுக்காகப் பதில் சொல்லுவான், இது நம்மிடம் எப்போதும் உள்ள பழக்கம், தன் ஊர்க்காரனைக் காட்டிக்கொடுப்பவன் மனிதனே இல்லை என்பது நம் சட்டம். எனக்கு நூற்றியிருபது குரலும் மனப்பாடம், யார் யாருக்காகக் குரல் மாற்றிப் பேசுகிறார்கள் என்று தெரியும், பாதிப் பேரைப் பிடிப்பேன், பாதிப் பேரைப் பார்த்தும் பார்க்காததுபோல விட்டுவிடுவேன். பெயர் கூப்பிடுவதில் எனக்கு ஒரே ஒரு சங்கடம், உன் பெரியப்பா. நம் வழக்கப்படி அப்பாவின் அண்ணன் பெயரை நான் வாயில் எடுக்க முடியாது, இப்போதும் இந்தக் கடிதத்தில் எழுதமாட்டேன். அதனால் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு அவரை மட்டும் எண் சொல்லிக் கூப்பிடுவேன், நாற்பத்து மூன்று என்பேன். கூட்டம் ஒவ்வொரு நாளும் அந்த இடத்தில் கிளுகிளுவென்று சிரிக்கும். அவர் பின்வரிசையிலிருந்து மூக்கால் இழுத்து, கொட்டாவி விட்டுக்கொண்டே "இருக்கே...ன்" என்பார், அந்தக் கடைசி எழுத்து கிணற்றுக்குள் விழுவதுபோல இறங்கும். லயத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தக் குரல் விளையாட்டு. பிபியானா பெரியம்மா அவரைப்போல, பாதிரியாரைப்போல, மானேஜர் லோமாக்ஸைப்போல எல்லாம் பேசிக் காட்டுவாள், பிரட்டுக்கு முன்னால் உதிரிப் பழம் பொறுக்கும் பெண்கள் வரிசையில் அவள் நின்றாலே அங்கே சிரிப்புத்தான்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரக்பி இறுதிப்போட்டி. பெரியப்பா தன் அணியின் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு மத்தியானம் தோட்டத்துக்கு வெளியே இருக்கும் குடியேற்றப் பக்கம் போனார், அங்கே ஒரு வீட்டில் டிவி இருந்தது. போகும்போது பெரியம்மாவோடு வாய்ச்சண்டை, அவள் திரும்பி வராதே என்று கத்தியதை லயமே கேட்டது. இறுதிப்போட்டி முடிந்த திங்கட்கிழமை பாதிப் பேர் வரமாட்டார்கள், அது தெரிந்த விஷயம், அதனால் நான் திங்கட்கிழமை நாற்பத்து மூன்று என்று கூப்பிட்டபோது பதில் வராது என்றுதான் நினைத்தேன். வந்தது. மூக்கால் இழுத்து, கொட்டாவியோடு, அவர் குரலேதான். பனிமூட்டத்தில் முகம் தெரியவில்லை, டிக் போட்டேன். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. அவர் கூட்டத்துக் கங்காணி ஓட்டோ என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, பிரட்டுக்கு முகத்தைக் காட்டிவிட்டு மரத்தடியில் தூங்கப் போகிறவர்கள் எங்களிடம் ஏராளம், இவரும் தலைவலியோடு எங்கேயோ படுத்திருக்கிறார் என்று அவன் விட்டுவிட்டான். புதன்கிழமை மழை விட்டிருந்தது. தோட்டம் முழுவதும் சத்தமில்லாமல் இருக்கும் நேரம் ஒரு நாளில் அந்தக் கால் மணிதான், டிராக்டர் எதுவும் ஓடாது, கோழிகூட எங்களோடு நின்று கேட்பதுபோல இருக்கும். நாற்பத்து மூன்று என்றேன். பதில் உடனே வரவில்லை. நான் பேனாவைத் தூக்கிக்கொண்டு நின்றேன். பிறகு வந்தது, ஆனால் பின்வரிசையிலிருந்து வரவில்லை, எல்லோருக்கும் பின்னால், நர்சரிக் கொட்டகைக்கும் அந்தப் பக்கத்திலிருந்து, தரைக்குக் கீழே வாயை வைத்துப் பேசியதுபோல வந்தது. இருக்கேன். கொட்டாவி இல்லை. நூற்றியிருபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள், அங்கே ஒருவரும் இல்லை, ஈரக் கொட்டகையும் அதற்குப் பின்னால் புதரும்தான். ஓட்டோ, "கொட்டாய்க்குப் பின்னாடி நின்னு ஒண்ணுக்கு அடிக்கிறான், அதுலயும் ஆஜர் சொல்றான் பாருங்க கிளார்க்கம்மா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே டிக் போட்டேன்.

அன்று சாயங்காலம் பிபியானா பெரியம்மா நம் வாசலுக்கு வந்தாள். காலையில் காய்ச்சல் என்று அவள் பிரட்டுக்கு வந்திருக்கவில்லை. தலையில் ஈரத்துணி, உன்னை இடுப்பில் வாங்கி வைத்துக்கொண்டு, "தங்கச்சி, அவரு இன்னிக்கிப் பிரட்டுக்கு வந்தாரா" என்று கேட்டாள். வந்தாரே அக்கா, பதில் சொன்னாரே, எல்லாரும் கேட்டாங்களே என்றேன். அவளுக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்து அழுத்திச் சொன்னேன். அவள் உன்னைக் கீழே இறக்கிவிட்டுவிட்டு, "எந்தப் பக்கமிருந்து" என்றாள், நர்சரிப் பக்கம் என்றேன். "நாளைக்கு நம்பரு சொல்லாத. பேரச் சொல்லிக் கூப்பிடு" என்றாள். அக்கா, எப்படி அக்கா என்றேன். "நம்பருக்கு யார் வேணும்னாலும் வாயத் தொறப்பாங்க தங்கச்சி. பேருன்னா அவருக்கு மட்டும்தான்" என்றாள். இரவு அப்பாவிடம் கேட்டேன், அப்பா முடியாது என்று சொல்லவில்லை, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வியாழக்கிழமை நாற்பத்திரண்டு முடிந்ததும் ஒரு மூச்சு நிறுத்தினேன். பிறகு அவர் பெயரைச் சொன்னேன். கூட்டத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள், பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள், அப்பா டிராக்டர் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதில் இல்லை. இரண்டாம் தரம் சொன்னேன். மூன்றாம் தரம் சத்தமாக, நர்சரிப் பக்கம் திரும்பிச் சொன்னேன். பெரியம்மா வரிசையை விட்டு விலகி, ஒருவரையும் பார்க்காமல், கொட்டகையைச் சுற்றிக்கொண்டு புதருக்குள் நேராக நடந்தாள், நாங்கள் பின்னால் ஓடினோம். உலகச் சண்டைக் காலத்தில் ஜப்பான்காரர்கள் வெட்டிய பழைய குழி ஒன்று அங்கே இருந்தது, மேலே பலகை போட்டிருந்தார்கள், பலகை மக்கி அதன் மேல் பெரணி முளைத்துவிட்டது, அதை மூடிவிடுங்கள் என்று ஓட்டோ இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். குடியேற்றத்திலிருந்து லயத்துக்குக் குறுக்குவழி அதுதான். பெரியப்பா உள்ளே இருந்தார். கால் ஒன்று முறிந்து மடங்கியிருந்தது. என் பெட்டி இருந்த இடத்திலிருந்து அந்தக் குழி நூற்றி எழுபது அடி, நான் பிறகு நடந்து பார்த்திருக்கிறேன்.

வெளியே எடுத்துப் படுக்கவைத்தபோது நான் இரண்டு விஷயம் பார்த்தேன். ஒன்று, அவர் போட்டிருந்தது சிவப்பு ரக்பிச் சட்டை, காலில் பூட்ஸ் இல்லை, ஞாயிற்றுக்கிழமைச் செருப்பு. இன்னொன்று, குழியின் அடியில் மென்று துப்பிய செம்பனைப் பழத்தின் சக்கை ஒரு குவியல், மேலே இருந்து உதிர்ந்து விழுந்ததையெல்லாம் பொறுக்கித் தின்றிருக்கிறார். ஒரு நாளில் அவ்வளவு தின்ன முடியாது. சுகாதார நிலையத்துக்காரர் பார்த்துவிட்டு, உயிர் போய் ஒரு நாள்கூட ஆகியிருக்காது என்றார். லோமாக்ஸ் சட்டையையும் பார்த்தார், சக்கையையும் பார்த்தார், பிறகு என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். தொழிலாளர் துறையிலிருந்து ஆள் வந்திருந்தார். மேசை மேல் என் புத்தகம். "திங்கள், செவ்வாய், புதன், மூணு நாளும் டிக் இருக்கு. இது உன் கையா" என்று லோமாக்ஸ் கேட்டார், என் கைதான் என்றேன். "பதில் வந்துச்சா" என்றார், வந்தது என்றேன். "அப்ப ஆள் புதன்கிழமை காலையில இருந்திருக்கான், அதுக்கப்புறம் விழுந்திருக்கான், மறுநாளே நாம தேடிக் கண்டுபிடிச்சிட்டோம், சரிதானே" என்றார். எனக்குச் சட்டை ஞாபகம் வந்தது. செருப்பு ஞாபகம் வந்தது. துறை ஆள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் எழுதியிருப்பார். பதில் சொன்னாரு, டிக் போட்டேன் என்று மட்டும் சொன்னேன். கீழே கையெழுத்துப் போட்டேன். நான் அன்றைக்குச் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, லுட்வினா, அதை நீ கவனிக்கவேண்டும்.

அடுத்த மாதம் லோமாக்ஸ் என்னைக் கூப்பிட்டு, உனக்கு மனிதர்களோடு நன்றாகப் பழக வருகிறது, இனிமேல் நீ வெயிலில் பெட்டி மேல் நிற்கவேண்டாம், ஆட்கள் விவகாரம் பார்க்கும் பர்சனெல் கிளார்க் என்று உள்ளே உட்கார் என்றார். விசிறி, நாற்காலி, பூட்டு வைத்த அலமாரி. டியான் உன்னிடம் சொன்ன அதே வார்த்தை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் செய்த முதல் வேலை என்ன தெரியுமா. இறந்த தொழிலாளியின் குடும்பம் முப்பது நாளில் லயத்து வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று ஒரு கடிதம், லோமாக்ஸ் சொல்ல நான் தட்டச்சு செய்து, நானே கையில் எடுத்துக்கொண்டு போய் பிபியானா பெரியம்மாவிடம் கொடுத்தேன். அவள் படித்துப் பார்க்கவில்லை. "உக்காரு தங்கச்சி, சாகோக் களி வெந்துடுச்சு, சாப்பிட்டுப் போ" என்றாள். சாப்பிட்டேன். அதற்குப் பிறகு லாயே, பிறகு அதிகாரி, பிறகு இந்த வீடு, உன் படிப்பு, எல்லாம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்று. கிளார்க் வராத நாட்களில் நான் போய்ப் பெயர் கூப்பிடும்போது, நாற்பத்திரண்டு முடிந்ததும் ஒரு மூச்சு நிறுத்துவேன், நர்சரிப் பக்கம் காது தானாகப் போகும். நாற்பத்து மூன்றை நான் யாருக்கும் கொடுக்கவிடவில்லை. ஏன் அந்த எண் காலி என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள், பழையவர்கள் அவர்கள் காலை மிதிப்பார்கள். யாரையாவது எதிரில் உட்காரவைத்து, நீங்கள் இருந்தீர்களா, பார்த்தீர்களா என்று விசாரிக்கும்போதெல்லாம், அவர்கள் ஆமாம் என்று சொல்கிற அந்த நொடியில், சொன்னது அவர்கள்தானா என்று வாயைப் பார்ப்பேன். நல்ல அதிகாரி, கவனமாகக் கேட்கிறாள் என்று பெயர் வாங்கினேன்.

உன் செய்தி வந்த மறுநாள், போன சனிக்கிழமை, அரிசியும் டின் மீனும் எடுத்துக்கொண்டு குடியேற்றத்துக்குப் போனேன். பெரியம்மா ரோட்டோரம் பாக்கு விற்றுக்கொண்டிருந்தாள், பல் எல்லாம் சிவந்து, நன்றாக இளைத்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் என்று தொடங்கி, சட்டை, செருப்பு, சக்கை, கையெழுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சுண்ணாம்புக் குச்சியை நக்கிக்கொண்டே கேட்டாள். கோபப்படுவாள், அடிப்பாள், எழுந்து போகச் சொல்வாள் என்று நினைத்தேன். "சட்டைய நானும்தான் பாத்தேன். நான் வாயத் தொறக்கலையே, ஏன்னு நெனச்ச" என்றாள். பிறகு, "திங்களும் செவ்வாயும் பதில் சொன்னது நான்தான்" என்றாள். எனக்குப் புரியவில்லை. "கோவிச்சுக்கிட்டு அங்கேயே குடிச்சிட்டுக் கெடக்காருன்னு நெனச்சேன். மூணு நாளு வரலைன்னா பேர அடிச்சுடுவாங்க, வீடு போயிடும். பொம்பளைங்க வரிசையில குனிஞ்சுக்கிட்டு அவரு குரல்ல சொன்னேன். நம்பருதானே, சொல்லலாம்னு தோணுச்சு. பேராயிருந்தா சொல்லியிருக்கமாட்டேன்" என்றாள். நான், அக்கா, புதன்கிழமை என்றேன். "புதன்கெழம நான் வரலையே" என்றாள்.

ஒருத்தி வந்து பாக்கு வாங்கிக்கொண்டு போனாள், பெரியம்மா சில்லறை கொடுத்தாள். பிறகு அவளே சொன்னாள், குரலை உயர்த்தாமல், மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். "பேய்னு பயந்துதான் அன்னிக்கி ராத்திரியே நான் தேடிப் போகல. அவரு ரெண்டு நாளும் கேட்டிருப்பாரு தங்கச்சி. அந்த நேரத்துல ஊசி விழுந்தாலும் கேக்கும். கீழ கெடந்துக்கிட்டு, நீ நம்பரு கூப்புடறதையும் கேட்டிருப்பாரு, தன் கொரலு மேலேருந்து பதில் சொல்றதையும் கேட்டிருப்பாரு. அவரு சொன்னது என் கொரலுக்குள்ள அமுங்கிப்போயிருக்கும். மூணாவது நாள் யாரும் சொல்லல. அப்பதான் அவருக்கு எடம் கெடச்சிச்சு." லுட்வினா, அந்தப் புதன்கிழமை வந்தது பேயில்லை. மூன்று நாள் குழியில் கிடந்த மனிதன், எங்கே இருக்கிறாய் என்று நான் கேட்டதற்கு, இருக்கிறேன் என்று பதில் சொல்லியிருக்கிறான். அதற்கு நான் டிக் போட்டேன். உண்மையான பதில் அது ஒன்றுதான், அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டேன். பேயாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலை.

நான் உன்னை அந்த வேலை வேண்டாம் என்று சொல்லவில்லை. இது கெட்ட வேலை இல்லை, நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ பேருக்கு நல்லதும் செய்திருக்கிறேன், குழிகளையெல்லாம் மூடவைத்தது நான்தான். ஆனால் இந்த வாசல் வழியாக உள்ளே போகாதே. உனக்கு அந்த இடம் எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று எனக்குத் தெரியும், பிள்ளையை விட்டுவிட்டு இரண்டு வருடமாக நீ படுகிற பாடும் தெரியும், கையெழுத்துப் போடமாட்டேன் என்றால் உன்னை மறுபடி மேசைக்கே அனுப்பலாம், ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்கே அனுப்பலாம். அனுப்பினால் வா. இங்கே உனக்கும் உன் மகளுக்கும் இடம் இருக்கிறது, இந்த வீடு எப்படி வந்தது என்று இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது, அதோடு இருக்க முடிந்தால் இரு. யாரோ கை தூக்கினார்கள் என்று நீ எழுதியதுதான் உண்மை. அவராகத்தான் இருக்கும் என்பது டியானுக்கு வேண்டியது. ஒருவேளை நீ கையெழுத்துப் போட்டுவிட்டாய் என்றால், இந்தக் கடிதத்தை மடித்து வைத்தவுடன் போய் அதைத் திரும்பக் கேள், நாளைக்கு என்று வைக்காதே, எனக்கு நாளைக்கு நாளைக்கு என்று இருபத்தேழு வருடம் போய்விட்டது.

இதுவரை எழுதியதை இன்று மத்தியானம் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், அவர் அண்ணன் இல்லையா, தபாலில் போடுவதற்கு முன்னால் அவருக்குத் தெரியவேண்டும். புதன்கிழமைப் பகுதி வந்தபோது நிறுத்தச் சொல்வார் என்று பார்த்தேன், சொல்லவில்லை. முடித்த பிறகு, "எனக்கும் கேட்டுது அன்னிக்கி. நான்தான் முதல்ல சிரிச்சேன்" என்று மட்டும் சொன்னார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அழுகிய பாத்திப் பக்கம் போனார், வாய்க்கால் வெட்டுகிற சத்தம் இப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

கடவுள் உன்னைக் கைவிடமாட்டார், மாதா உன் பக்கத்தில் நிற்பாள், எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. பிள்ளை நன்றாக இருக்கிறாள், முன்பல் விழுந்துவிட்டது, போனில் காட்டமாட்டேன் என்று வாயைப் பொத்திக்கொள்கிறாள். குளிருக்கு அந்தக் கம்பளிச் சட்டையை வாங்கிக்கொள், தள்ளிப்போடாதே. கடைசியாக ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். விலியாமி உயிரோடு இருக்கிறார். அவர் எதிரில் போய் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, பெயரைச் சொல்லி, அன்றைக்கு நீங்கள் அங்கே இருந்தீர்களா என்று கேள். அவர் பதில் சொல்லும்வரை பேனாவைத் திறக்காதே.

என்றும் உன் நலம் வேண்டும்,
அம்மா
ஸ்கொலாஸ்டிகா